திருடன் பதவி குறித்துத் தாய்மாமனுக்கு ஒரு விளக்கம்

கணபதி, கோயமுத்தூர் – 6
ஈசுவர வருடம், ஆடி மாதம், வெள்ளிக்கிழமை

பவானி ஜமக்காள வியாபாரம் உயர்திரு மச்சான் சென்னியப்பன் அவர்கள் சமூகத்துக்கு, கணபதி பம்ப்செட் பட்டறை நாச்சிமுத்து கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும், தங்கள் தங்கை தெய்வாத்தாளும், தங்கள் மருமகள் லோகப்பிரியாவும் உடம்பளவில் சௌக்கியம். மனதளவில் எப்படி இருக்கிறோம் என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அங்கே தாங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், என் குரல் கேட்டதும் தாங்கள் வைத்துவிடுகிறீர்கள். நேற்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஈரோட்டு வியாபாரி மாதிரி பேசிப் பார்த்தேன். தாங்களும் பொறுமையாக ஜமக்காளத்தின் நீளம், அகலம், கரை எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் “பம்ப்செட்டு மாப்பிள்ளைக்கு எத்தனை உருப்படி வேணுமுங்க?” என்று கேட்டு வைத்துவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். இதை வைத்துவிட முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதற்கு முன் முழுசாகப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். “என்ற தங்கச்சி ஊட்டுலயே என்னைத் திருடன்னு கூப்பிடறாங்களாமா. திருடனுக்கு மணவறையில என்ன வேலை? புள்ளைக்குப் பட்டம் கட்டறதுக்கு வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லுங்க” என்று தாங்கள் லாரி டிரைவரிடம் சொல்லியனுப்பிய தாக்கல் வந்து சேர்ந்தது. பட்டறையில் லேத் ஓடுகிற சத்தத்தில் எனக்குக் கேட்க வேண்டுமே என்று அந்த மனிதர் கத்திச் சொன்னதில் தெருவுக்கே கேட்டுவிட்டது. ஆவணியில் முகூர்த்தம். பத்திரிகை அடித்து மஞ்சள் தடவியாயிற்று. தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டிவிடாமல் நம் பக்கம் எந்தப் பெண் மணவறை ஏறியிருக்கிறாள்? வேறு ஆளைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். தாய்மாமன் என்ன, தேய்ந்தால் கழட்டிவிட்டு வேறொன்று மாட்டிக்கொள்ள பேரிங்கா மச்சான்? லோகு பிறந்தபோது முதல் சட்டை எடுத்து வந்தது தாங்கள். அவள் காதுகுத்துக்கு மடியில் வைத்திருந்தது தாங்கள். இப்போது வரமாட்டேன் என்றால் அந்தப் பிள்ளை யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு நெற்றியைக் காட்டும்? தாக்கல் வந்ததிலிருந்து தங்கள் தங்கை என்னிடம் பேசுவதில்லை. சோறு போடுகிறாள், கரண்டிதான் பேசுகிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நியாயம் எங்கள் பக்கம் இருக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் தாங்கள் நினைக்கிற அளவுக்கு அநியாயமும் இல்லை.

கம்ப்யூட்டர் வாங்கியது விளையாடுவதற்கு இல்லை. பட்டறைக்குப் பில் போடுவதற்கு. காந்திபுரத்தில் கலீல் ரஹ்மான் என்று ஒருவர், தங்கமான மனிதர், சாமான்களைத் தனித்தனியாக வாங்கி அவரே பூட்டிக் கொடுத்தார். பட்டறையில் வைத்தால் இரும்புத்தூள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்றதால் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தோம். தங்கள் தங்கை அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டு, யாராவது செருப்போடு கிட்டே போனால் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். அத்தனை மரியாதையான பொருளாகத்தான் இருந்தது. கலீல் ரஹ்மான் போகும்போது, “கலர் நல்லாத் தெரியுதான்னு பாக்கறதுக்கு ஒரு கேம் ஏத்தியிருக்கறேனுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். கலர் நன்றாகத்தான் தெரிந்தது. அதோடு நாங்கள் எழுந்து போயிருக்க வேண்டும்.

அந்த விளையாட்டு என்னவென்றால், ஒரு பாழடைந்த கோட்டை. அதற்குள் பேயும் பூதமும் குடியிருக்கின்றன. கோட்டையின் அடியாழத்தில் ஒரு பெட்டிக்குள் ராணியின் கிரீடம் இருக்கிறது. நாம் ஒரு கூட்டம் சேர்த்துக்கொண்டு போய் அதை எடுத்துவர வேண்டும். லோகு கம்ப்யூட்டர் படித்தவள் அல்லவா, இங்கிலீஷில் இருந்ததை அவள்தான் படித்துச் சொன்னாள். “ஆறு பேரு வரைக்கும் சேத்தலாமுங்கப்பா. வெட்டறதுக்கு ரெண்டு பேரு, மந்தரம் போடறதுக்கு ஒருத்தரு, அடிபட்டாச் சொகப்படுத்தறதுக்கு ஒரு பூசாரி, தூரத்துல இருந்து அம்பு உடறதுக்கு ஒருத்தரு, பூட்டுத் தொறக்கறதுக்கும் பொறி இருக்குதான்னு பாக்கறதுக்கும் ஒரு திருடன். இப்பிடி எல்லாங் கலந்து இருந்தாத்தான் கூட்டம் தாக்குப் புடிக்கும்” என்று தெளிவாகத்தான் சொன்னாள். கேட்டவர்கள் நாங்கள்தான் சரியில்லை.

அன்றைக்குப் பார்த்து என் பெரியண்ணன் குழந்தைவேலு வீட்டில் இருந்தார். பக்கத்து ஃபவுண்டரி சுந்தரராஜுலு நாயுடுவும் காப்பிக்கு வந்திருந்தார். அண்ணன் சிரித்தார். “ஆளு சேத்தறதை எங்களுக்கா அம்மணி சொல்லித் தாறே? எத்தனை நிச்சயத்துக்கு ஆளுக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கறேன். பங்காளி பக்கம், மாமன் மச்சான் பக்கம், ரெண்டு பக்கமும் கொறையில்லாம இருந்தாச் சரி” என்றார். உடனே தங்கள் தங்கை, “நல்ல காரியத்துக்கு ரெட்டைப்படையில கெளம்புவாங்களா? அஞ்சு பேரு போதும். அதுல ஒரு சுமங்கலி இருக்கோணும்” என்றாள். “பேயடிக்கப் போறோமுங்கம்மா, பொண்ணு பாக்கப் போகலை” என்றாள் லோகு. “எங்க போனாலும் போற மொறைன்னு ஒண்ணு இருக்குது கண்ணு” என்று அண்ணன் முடித்துவிட்டார். ஆக, அண்ணன் வீரன். அண்ணன் வீரனாக இருக்கும்போது தம்பி வேறு எதுவாக இருப்பது, நானும் வீரன். ஒன்றும் கொடுக்காமல் வெறும் பேச்சிலேயே ஃபவுண்டரிக்கு மின்சாரம் வாங்கியவர் என்பதால் நாயுடு மந்திரவாதி. பூசாரிக்கு, நம் வீட்டுக் கல்யாணங்களை எல்லாம் நடத்திவைக்கிற அருமைக்காரர் பெயரையே போட்டோம். அதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? சுமங்கலிக் கணக்குக்கும் மாமன் மச்சான் பக்கத்துக்கும் சேர்த்துத் தெய்வாத்தாள் ஒருத்தியே போதும் என்று அவளுக்கு வில் கொடுத்தோம். தங்களை அப்போது விட்டுவிட்டோம் என்று தயவுசெய்து புதிதாக ஒரு வருத்தத்தை ஆரம்பிக்க வேண்டாம். பழையதையே இன்னும் நான் எழுதி முடிக்கவில்லை.

அடுத்தது, யார் முன்னால் நடப்பது என்று வரிசை போட வேண்டும். இதில் நாங்கள் யோசிக்கவே இல்லை. மூத்தவர் முன்னால், இளையவர் பின்னால், பெண்டுகள் கடைசியில். அருமைக்காரரை விட்டுவிட்டு அவருக்கு முன்னால் யார் நடப்பது? லோகு தலையில் கை வைத்துக்கொண்டு, “பூசாரி நடுவுல இருக்கோணுமுங்க, அவரு போயிட்டா வைத்தியம் பாக்கறது யாருங்க?” என்று கேட்டுப் பார்த்தாள். “பெரியவங்களை நடுவுல தள்ளிப்போட்டு நாம முன்னாடி போறதா? ஒறம்பரைச் சனம் என்ன பேசும்?” என்றார் அண்ணன். கோட்டைக்குள் நுழைந்தோம். முதல் அறையில் பன்றி பருமனுக்கு ஒரு எலி. ஒரே கடி. அருமைக்காரர் போய்விட்டார். திரையில் ஒரு சமாதியைக் காட்டி, அவர் பெயரை எழுதி, சோகமாக ஒரு சங்கீதம் வேறு போட்டது. தங்கள் தங்கை எழுந்து நின்றுவிட்டாள். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருக்கிற நேரத்தில் அருமைக்காரர் சமாதியை வீட்டுக்குள் பார்ப்பது எப்பேர்ப்பட்ட சகுனம்! விடிந்ததும் ஆப்பிளும் ஆர்லிக்ஸும் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய், “உடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே, நெஞ்சு கிஞ்சு வலிக்குதுங்களா?” என்று கேட்டிருக்கிறாள். அவருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இவள் கேட்டதில் வந்துவிட்டது. தனக்கு வயதாகிவிட்டது என்று சுட்டிக்காட்டி வேறு அருமைக்காரரை அமர்த்தத்தான் இவர்கள் ஆர்லிக்ஸோடு வந்திருக்கிறார்கள் என்று அவர் கோபித்துக்கொண்டு, நான் வெற்றிலை பாக்கோடு போய் அரைநாள் உட்கார்ந்து சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. எலி கடித்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

மறுபடி ஆரம்பித்தோம். இந்தத் தடவை அருமைக்காரரை நடுவில் வைத்தோம், அவரிடம் மனதுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டோம். அண்ணன் முன்னால் நின்றார். புறப்படுவதற்கு முன் அந்த ஊர்க் கடைத்தெருவில் ஒரு கேடயம் வாங்கிக்கொள்ள வேண்டும். கடைக்காரன் ஒரு விலை சொன்னான். சொன்ன விலைக்கு வாங்குகிறவரா எங்கள் அண்ணன்? “வெளிய வந்துரு அம்மணி. நாலு எட்டு நடந்தாக் கூப்பிடுவான்” என்றார். லோகு வெளியே வந்தாள். நாலு எட்டு நடந்தாள். தெருக்கோடி வரைக்கும் நடந்தாள். அவன் கூப்பிடவில்லை. கம்ப்யூட்டர்க் கடைக்காரனுக்கு அந்தப் பழக்கம் இல்லை போலிருக்கிறது. அண்ணனுக்குத் திரும்பிப் போவது கௌரவக் குறைச்சல். கேடயம் இல்லாமலே கோட்டைக்குள் போய், எலியைத் தாண்டி, அடுத்த அறையில் ஒரு எலும்புக்கூட்டிடம் அடிவாங்கிச் சாய்ந்தார். இந்தச் சமாதிக்குத் தங்கள் தங்கை எழுந்திருக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். அண்ணனும் கவனித்தார்.

கேடயம் வாங்கிக்கொண்டு மறுபடியும் போனோம். எலி போயிற்று, எலும்புக்கூடு போயிற்று. பிறகு ஒரு கதவு வந்தது மச்சான், பூட்டிய கதவு. அண்ணன் வெட்டினார். நான் வெட்டினேன். கத்திதான் உடைந்தது. நாயுடு தன்னிடம் இருந்த ஒரே மந்திரத்தையும் கதவு மேல் போட்டுவிட்டார், கதவு கறுத்ததே தவிரத் திறக்கவில்லை. அருமைக்காரர் எங்களுக்குக் காயம் ஆற்றினார், நாங்கள் மறுபடி கதவில் மோதினோம், அவர் மறுபடி ஆற்றினார். ஒரு வாரம் பட்டறை முடிந்து வந்து நான் செய்த வேலை இதுதான். “திருடன் இல்லாம இந்தக் கதவு தொறக்காதுங்கப்பா, மொதல்லயே சொன்னேன்” என்றாள் லோகு. அப்போதுதான் பிரச்சினை வந்தது. திருடன் என்று யார் பெயரைப் போடுவது? எல்லோரும் விட்டத்தைப் பார்த்தார்கள். யாரோ அந்நியன் ஒருவனைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ளலாம், அதற்கு விளையாட்டிலேயே ஆட்கள் உண்டு என்று தெரிந்ததும் அண்ணன் ஒருவனைப் பிடித்தார். அவன் கதவைத் திறந்தான். அந்தப் பக்கம் ஒரு ராட்சதன் நின்றான். கூலிக்காரன் எங்களை அப்படியே விட்டுவிட்டு, எங்கள் கேடயத்தையும் எடுத்துக்கொண்டு ஓடிப்போனான். எல்லோருக்கும் சமாதி. ஒரே திரையில் வரிசையாக, பங்காளிகள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில்.

அதற்கு மறுநாள் நான் பட்டறையிலிருந்து வந்து பார்த்தபோது ஆறாவது இடத்தில் “சென்னியப்பன்” என்று இருந்தது. யார் தட்டினார்கள் என்று கேட்காதீர்கள். குடும்பத் தலைவன் என்ற முறையில் என் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். “இப்ப ரெட்டைப்படை ஆயிருச்சே” என்று அண்ணன் கேட்டதற்குத் தங்கள் தங்கை, “என்ற அண்ணனை எங்க ஊட்டுல எண்ணறதில்லீங்க. அவரு எண்ணாமயே இருப்பாரு” என்றாள்.

இனி நடந்ததைத் தாங்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அந்தச் சின்ன உருவம், பச்சைத் துணி போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து, தங்களைப் போலவே லேசாக இடது தோளைச் சாய்த்து நடக்கும். இருட்டான இடம் என்றால் அதுதான் முதலில் போகும். போய்ச் சுவரைத் தடவும். தரையைத் தட்டும். பொறி இருந்தால் பிடுங்கிப் போடும். திரும்பி வந்து நிற்கும். அதற்குப் பிறகுதான் நாங்கள் ஐந்து பேரும் காலை எடுத்து வைப்போம். வாள் பிடித்த நானும் அண்ணனும் அதன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “மாமா பாத்துட்டு வரட்டும், மாமா பாத்துட்டு வரட்டும்” என்று லோகு சொல்வதைக் கேட்டுக்கொண்டு காத்திருப்போம். நாயுடு ஃபவுண்டரியில் உலை மூட்டிவிட்டு நேராக இங்கே வந்து, “சென்னியப்பன் எது வரைக்கும் போயிருக்கறாருங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் காப்பியைத் தொடுவார். ஒருநாள் தங்களுக்கு விஷம் பட்டுவிட்டது. அருமைக்காரர் வைத்திருந்த மருந்து ஒன்றே ஒன்று. அண்ணனுக்கும் விஷம் ஏறியிருந்தது. “அவருக்கே குடு அம்மணி. நான் போனா ஒரு வாளுதான் கொறையும்” என்று சொன்னவர் எங்கள் பெரியண்ணன். தாங்கள் நம்பமாட்டீர்கள். நானே நம்பவில்லை.

இந்தப் பெருமையைத்தான் நாயுடு பவானிக்குச் சுமந்துகொண்டு வந்தார். ஜமக்காளம் எடுக்கத் தங்கள் கடைக்கு வந்தவர், கடை நிறைய ஆள் இருக்கும்போது, தங்களைக் கண்ட சந்தோஷத்தில் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “உங்க மச்சான் ஊட்டுல நீங்கதானுங்க பெரிய திருடன்! உங்க கையை நம்பித்தானுங்க நாங்க அத்தனை பேரும் பொழைச்சுக் கெடக்கறோம்!” என்று சொல்லியிருக்கிறார். அவர் மனதில் கோட்டை, கதவு, பூதம் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. தங்கள் வாடிக்கையாளர்கள் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று அவர் யோசிக்கவில்லை. தாங்கள் விரித்த ஜமக்காளத்தைச் சுருட்டி வைத்துவிட்டுக் கடையைச் சாத்தினீர்கள் என்று திரும்பி வந்து சொன்னவர், “ஏனுங்க நாச்சிமுத்து, நான் புகழ்ந்துதானுங்களே சொன்னேன்?” என்று இன்றைக்கு வரைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார். காப்பி குடிப்பதையும் நிறுத்திவிட்டார்.

மச்சான், அந்த வார்த்தை தங்களுக்கு ஏன் அப்படிச் சுட்டது என்று எனக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்தன்று தெய்வாத்தாளின் சீர்ப்பெட்டிச் சாவியைக் காணோம். நகை, பட்டம் எல்லாம் பெட்டிக்குள். திண்டுக்கல் பூட்டு, இழுத்தாலும் அசையாது. முகூர்த்தம் கடந்துகொண்டிருக்கிறது. தாங்கள்தான் ஜமக்காள மூட்டை தைக்கிற கோணி ஊசியை மடியிலிருந்து எடுத்து, பூட்டுக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு திருப்புத் திருப்பினீர்கள். திறந்துகொண்டது. மண்டபமே மூச்சு விட்டது. அப்போது எங்கள் பெரியண்ணன், “சம்பந்தக்காரருக்கு இது நெம்பப் பழகுன கை போல இருக்குதே!” என்று சொல்ல, என் பங்காளிகள் எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த எனக்குச் சிரிப்பதா கூடாதா என்று தெரியவில்லை. தாங்கள் தங்கைக்குப் பட்டம் கட்டினீர்கள், பந்தியில் எல்லோருக்கும் பரிமாறினீர்கள், தாங்கள் மட்டும் இலையில் உட்காரவில்லை. தெய்வாத்தாள் இன்றைக்கும் அதை எனக்குச் சொல்லிக் காட்டுவாள். அன்றைக்கு வேடிக்கை, இன்றைக்கும் வேடிக்கை என்றால் எந்த மனிதனுக்குத்தான் கோபம் வராது? வரவேண்டியதுதான்.

ஆகையால் பரிகாரம் எல்லாம் முறைப்படி செய்தாகிவிட்டது. முதலாவதாக, திருடன் சென்னியப்பனை அழித்துவிட்டு, வீரன் சென்னியப்பன் என்று புதிதாகப் படைக்கச் சொல்லிவிட்டேன். “இந்தத் தூரம் கூட்டிக்கிட்டு வந்த மாமாவை அழிக்கச் சொல்லறீங்களேப்பா” என்று லோகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மசியவில்லை. இப்போது தங்களுக்கு வெள்ளிக் கவசம், சொன்ன விலைக்கே வாங்கியது. இதன் பலனாக, கோட்டையின் அடியாழத்தில் கிரீடம் இருக்கிற பெட்டிக்கு எதிரே ஆறு பேரும் வந்து நின்றுகொண்டு, அதைத் திறக்க ஆள் இல்லாமல் அதன் மேல் சாய்ந்துகொண்டிருக்கிறோம். போகட்டும். கிரீடம் யாருக்கு வேண்டும்? இரண்டாவதாக, பெரியண்ணன் நேரில் வந்து, தாம்பூலத் தட்டைத் தங்கள் கையில் கொடுத்து, அன்றைக்குச் சொன்னதையும் திரும்ப எடுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். பஸ்ஸில் வருவதா காரில் வருவதா என்பதில் மட்டும் இன்னும் பேச்சு நடக்கிறது. மூன்றாவதாக, கல்யாண மண்டபத்தில் தாங்கள் ஒரு துரும்பையும் தொட வேண்டியதில்லை. பூட்டு, சாவி, பெட்டி என்ற பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது என்று உறவினர் அத்தனை பேருக்கும் சொல்லியாயிற்று. தாங்கள் ராஜா மாதிரி வந்து, சேரில் உட்கார்ந்து, நேரம் வந்ததும் எழுந்து பிள்ளைக்குப் பட்டம் கட்டிவிட்டு, முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தால் போதும். வேறு எதற்கும் தங்களை எதிர்பார்க்கவில்லை.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். ஆடிப்பெருக்குக்குக் கூடுதுறையில் கூட்டம் அதிகம் இருக்கும், தண்ணீரில் பார்த்து இறங்கவும். தங்கள் தொழில் செழிக்கவும், தாங்கள் கைவீசி நடக்கவும், எங்கள் குலதெய்வமும் தங்கள் குலதெய்வமும் சேர்ந்து நிற்கட்டும். மணமகளை வாழ்த்துவதற்குத் தங்கள் வாய் வேண்டும், பட்டம் கட்டுவதற்குத் தங்கள் கை வேண்டும் என்று கேட்டு இந்த அளவில் முடித்துக்கொள்கிறேன்.

என்றும் தங்கள் மேல் மரியாதை குறையாத,
நாச்சிமுத்து

பின்குறிப்பு: மேலே கண்டதை ஒட்டுவதற்கு முன் தங்கள் தங்கை வாங்கிப் படித்துவிட்டாள். பேசாமல் இருந்தவள் பேசிவிட்டாள். அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன், எனக்கு இதில் சம்பந்தமில்லை.

“அண்ணா, நான் தெய்வாத்தாள். உன்ற பேரைத் தட்டுனது நானு. இவரு பொய்யி சொல்லறாரு. கூலிக்கு வந்தவன் எங்களை உட்டுப்போட்டு ஓடுனப்ப, உடாத ஆளு யாருன்னு ரோசனை பண்ணுனேன். வேற ஒருத்தரும் நெனப்புக்கு வல்லை. திருடன்னு போட்டுதான் இருந்துது. எனக்கு அது அண்ணன்னுதான் பட்டுது. மாமன் அழிஞ்சுபோச்சுன்னு இவரு எழுதியிருக்கறாரே, அதும் பொய்யி. லோகு உன்னை ஒரு பிளாப்பியில எடுத்துச் சாமி அலமாரியில வெச்சிருந்தா. இப்பத்தான் திருப்பி ஏத்துனோம். பொட்டிக்கு முன்னாடி நிக்கறே.

அப்பறம் இன்னொண்ணு. லோகுவோட நகை, நீ எனக்குக் கட்டுன அதே பட்டம், எல்லாத்தையும் அந்தப் பழைய சீர்ப்பொட்டியிலயே வெச்சு, அந்தத் திண்டுக்கல் பூட்டையே போட்டுப் பூட்டிப்போட்டேன். சாவியப் பட்டறைக் கெணத்துல போட்டுட்டேன்.”

மச்சான், கேட்டதும் பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். கிணற்றடியில் எங்கள் பட்டறையின் பெரிய மோட்டார் தயாராக நிற்கிறது. பொழுது சாய்வதற்குள் கிணற்றை வற்ற இறைத்துச் சாவியை எடுத்துவிடுவேன். இல்லையென்றால் பட்டறையில் கட்டர் இருக்கிறது, பூட்டை வெண்ணெய் மாதிரி அறுத்துவிடலாம். இரண்டுக்கும் தங்கள் தங்கை ஒப்பவில்லை. சுவிட்சுப் பெட்டிக்கு முன்னால் சேர் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பம்ப்செட் செய்து ஊரெல்லாம் விற்கிறவன் சொந்தக் கிணற்றில் தண்ணீர் இறைக்க முடியாமல் நிற்கிறேன். இதற்கு நடுவில் பெரியண்ணன் வந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, நேரே கார் பேசப் போய்விட்டார்.

அவள் கடைசியாகச் சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறாள்: “சேர்ல ஒக்கார வேற ஆளு நெறைய இருக்கறாங்கண்ணா. நீ கோணி ஊசி எடுத்துக்கிட்டு வா.”